பெயர் வெட்டிய டம்ளர்

2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு நாற்பதுக்கு, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கிட்டங்கி ஒன்றின் மாடி அறையில் ஓர் எவர்சில்வர் டம்ளரைப் படம் எடுத்தார்கள். டம்ளரில் சுட்ட மாங்காய்ச் சாறும் கறுப்பு ரம்மும் இருந்தன. விளிம்பில் உப்பும் மிளகாய்த்தூளும் ஒட்டியிருந்தன. பின்னால் மங்கலாக இன்னும் மூன்று டம்ளர்கள். யாருடைய முகமும் படத்தில் விழவில்லை.

அந்த அறையில் இரவு மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு விடிந்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் வெளியே நிற்கும் ஆம்பிளை இந்தப் பக்கம் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஞாயிறு மதியத்துக்கு அந்தக் கேள்வியெல்லாம் கிடையாது. கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஊரே கவிழ்ந்து படுத்திருக்கும். கீழே கிட்டங்கிக்கு விடுமுறை. ஆள் உயரத்துக்கு அடுக்கிய துணிச் சுருள்கள் மாடியின் சத்தத்தைக் குடித்துக்கொள்ளும். ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. பள்ளி ஆண்டுவிழா மேடைக்கு வாங்கியதில் மிச்சமானது அது. உச்சியில் ஒரு நீல பல்பு. கதவைச் சாத்திவிட்டால் நேரம் என்னவென்று யாருக்கும் தெரியாது.

டம்ளர்களுக்குப் பின்னால் நின்றவன் கிளாட்வின். வயது முப்பத்தைந்து. பெங்களூரில் ஒன்பது வருடம் பார் கவுண்டரில் நின்றவன். சனிக்கிழமைதோறும் ஆண்கள் ஆண்களோடு ஆட வருகிற இடம் அது; அங்கே இருநூறு பேருக்கு முன்னால் ஷேக்கரைக் குலுக்கியிருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன் அப்பா ஏசுவடியான் இறந்தார். அம்மா ரோசம்மாளைத் தனியே விட முடியாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜூஸ் கடை போட்டான். வாரம் முழுக்க சாத்துக்குடி பிழிந்தான். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போனான். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் மதியம் இங்கே.

“ஏட்டி, உப்பக் கொறச்சுப் போடு. எனக்குப் பிரஷர்” என்றான் எபனேசர். தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கூட்டத்தில் வாய் அதிகம் அவனுக்குத்தான்.

“ஒனக்கா? ஒங்கிட்ட ஊசி போட வாரவனுக்குல்லா பிரஷர் ஏறும்” என்றான் விஜயபாண்டி. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கறுப்புத் துணி அவன் கொண்டுவந்ததுதான். இங்கே வந்தால் மட்டும் விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வான்.

அறைக்குள் எல்லாருக்கும் எல்லாரும் ‘ஏட்டி’, பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. படி இறங்கித் தெருவுக்கு வந்தால் அதே வாயில் ‘ஏலே’ வந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதுவரை ஒருவரும் தவறியதில்லை.

அறை விக்னேஷ்வரனுடையது. இருபத்தொன்பது வயது, நூற்பு மில்லில் தரம் பார்க்கும் வேலை. மாதம் ஒருமுறை இவர்கள் கூடுவதற்காக மற்ற நாளெல்லாம் அவன் இந்த அறையில் வெக்கையோடு தூங்கினான். கண்ணாடிக் கிளாஸ் வாங்கி வைத்தால் வீட்டுக்காரர் என்றைக்காவது பார்த்துக் கேள்வி கேட்பார் என்று கிளாட்வின் தன் வீட்டுப் பரணிலிருந்து நாலு எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்திருந்தான். அக்கா அக்சாவின் கல்யாணத்துக்கு வந்த அன்பளிப்பில் ஆறு டம்ளர் அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் கிடந்தது. அக்கா தூத்துக்குடிக்குப் போகும்போது அதை எடுத்துப்போகவில்லை. எவர்சில்வரில் கொடுத்தால் பார்ப்பவனுக்கு அது மோர்.

“இதுக்கு என்னட்டி பேரு?” என்று கேட்டான் விக்னேஷ்வரன்.

“பேரு வைக்கல.”

“செகண்ட் ஷோ” என்றான் எபனேசர். “குடிச்சா பாதில தூங்கிருவோம், முடிவு தெரியாது.”

சிரிப்பு அடங்குவதற்குள் விக்னேஷ்வரன் டம்ளரைப் படம் எடுத்திருந்தான். ஒரு ஆப்பில் மூன்று வாரமாக ஒருவன் பேசிக்கொண்டிருக்கிறான், சிவகாசிக்காரன், அடுத்த தடவை தானும் வரலாமா என்று கேட்கிறான் என்றான்.

“மூஞ்சி விழுந்துச்சா?” என்று கேட்டான் கிளாட்வின்.

“டம்ளர் மட்டுந்தாம்ட்டி.”

கிளாட்வின் போனை வாங்கிப் பார்த்தான். முகம் இல்லை, ஜன்னல் இல்லை, ஊர்ப் பெயர் எழுதிய காலண்டர் இல்லை. ஆனால் பானத்தின் நிறம் கெட்டிருந்தது. ஒன்பது வருடத் தொழிலாளிக்கு அது பொறுக்கவில்லை. “இப்படியா எடுப்பாக” என்று டம்ளரைக் கையில் எடுத்து, விளிம்பைத் துடைத்து, வெளிச்சம் படும்படி கொஞ்சம் திருப்பி வைத்தான். “இப்ப எடு.”

இரண்டாவது படம்தான் போனது.

*

செவ்வாய்க்கிழமை மாலை அந்தப் படம் இன்ஸ்டாகிராமில் ஓர் உள்ளூர்ப் பக்கத்தில் வந்தது. கோவில் கொடை, ஜல்லிக்கட்டு, சாலையில் பள்ளம் என்று போட்டுக்கொண்டிருந்த பக்கம். சிவகாசிக்காரன் என்று ஒருவன் இல்லை. மூன்று வாரப் பேச்சும் படம் படமாக வெளியாகியிருந்தது. மேலே ஒரே வரி: ‘ஆம்பளையும் ஆம்பளையும் கூடிக் குடிக்கிற கூத்து நம்ம ஊர்லயும் வந்தாச்சு. யாருன்னு கண்டுபிடிப்போமா?’

விக்னேஷ்வரன் தன் பெயரை ஆப்பில் சொல்லியிருக்கவில்லை. ஊரும் சொல்லவில்லை. அதனால் செவ்வாய் ராத்திரி நாலு பேரும் எப்படியோ தூங்கினார்கள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு எபனேசர் போன் செய்தான். குரலில் விளையாட்டு இல்லை. “ஏலே, படத்தப் பெரிசாக்கிப் பாரு. டம்ளர்ல.”

கிளாட்வின் பெரிதாக்கினான். டம்ளரின் வயிற்றில், புள்ளி புள்ளியாக மெஷினில் வெட்டிய எழுத்து: சு. வேல்சாமி, சுந்தரபாண்டியம்.

பிறந்ததிலிருந்து பெயர் வெட்டிய பாத்திரத்தில் சாப்பிட்டு வளர்ந்த கண்ணுக்கு அந்த எழுத்து தெரிவதே இல்லை. சோற்றுத் தட்டில் மாமன் பெயர் இருக்கும், குடத்தில் செத்துப்போன ஒருவர் பெயர் இருக்கும்; யாரும் அதைப் படிப்பதில்லை. நாலு பேரும் அந்த டம்ளரில் ஐந்து மாதம் குடித்தார்கள். ஒருவனும் படிக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பி வைத்தது தன் கைதான் என்பது கிளாட்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. மிக்சி ஓடிக்கொண்டே இருந்தது. ஜூஸ் கேட்டவர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நிறுத்தினான்.

வேல்சாமி சுந்தரபாண்டியத்தில் உரக்கடை வைத்திருப்பவர். ஏசுவடியானின் சிநேகிதர். சாமி கும்பிடுகிறவர், ஆனாலும் ஏசுவடியானின் பெட்டியைக் கல்லறை வரைக்கும் தோளில் சுமந்த ஆறு பேரில் ஒருவர். கிளாட்வினுக்கு அவர் மாமா. யார் கல்யாணம் என்றாலும் அரை டஜன் டம்ளரில் பெயர் வெட்டிக் கொடுப்பது அவர் வழக்கம். கொடுத்தவர் பெயர்தான் அது. ஆனால் போனில் படிப்பவனுக்கு அது டம்ளர்க்காரன் பெயர்.

மதியத்துக்குள் கடை வாசலிலேயே பேச்சு வந்துவிட்டது. பைக்கில் வந்த இரண்டு பேர் சர்பத் குடித்துக்கொண்டு பேசினார்கள்.

“உரக்கடைக்காரனாம்ல. ஐம்பத்தாறு வயசாம்.”

“உரம் போட்டா எந்த வயசுலயும் மொளைக்கும்ல.”

“மகளுக்கு ஆவணில கல்யாணம் வச்சிருக்கானாம். வ. புதுப்பட்டில.”

“பொண்ணக் கட்டுதவன் சூதானமா இருக்கணும். மாமனார் கட்டிப் பிடிச்சிருவாரு.”

அவர்கள் சிரித்தார்கள். கிளாட்வின் மீதியை எண்ணிக் கொடுத்தான். ஒரு ரூபாய்கூடத் தப்பவில்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

அன்றிரவு விக்னேஷ்வரன் எடுத்தது ஒரே ஒரு போன். கோயம்புத்தூர் பஸ்ஸில் இருந்தான். டம்ளர் நாலையும் என்ன செய்தாய் என்று கிளாட்வின் கேட்டான்.

“கண்மாய்ல எறிஞ்சிட்டேன்.”

“எந்தக் கண்மாய்ல?”

“எனக்கு எதுவும் தெரியாது. இனிமே கூப்பிடாத” என்று வைத்துவிட்டான்.

*

வியாழக்கிழமை ரோசம்மாள் மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு சேதி கேட்டு வந்தாள். சொல்லும்போது மகன் முகத்தைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வேல்சாமி அண்ணாச்சி வீடு வீடாப் போறாவளாம். அந்த மாடல் டம்ளர அஞ்சு வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் குடுத்தாவளாம். ஒவ்வொரு வீடாப் போயி, குடிக்கத் தண்ணி கேக்காவளாம். தண்ணியக் குடிச்சிட்டு, மத்த டம்ளரையும் கண்ணுல காட்டுன்னு சொல்லுதாவளாம்.”

“எதுக்காம்?”

“சம்பந்தக்காரன் தவசிமுத்து சொல்லிட்டானாம். ஒன் டம்ளர் இல்லன்னா, எந்த வீட்டு டம்ளருன்னு காட்டு. காட்டுனா கல்யாணம், இல்லன்னா இல்லன்னு. அவிய மக யோகேஸ்வரி நேத்திருந்து சாப்பிடலையாம்.” ரோசம்மாள் மீனின் செதிளை உரசினாள். “ரெண்டு வீடு முடிஞ்சிட்டாம். ஆறும் இருந்துச்சாம்.”

பிறகு அவள் எழுந்து, கை கழுவி, பரணில் ஏறினாள். கிளாட்வின் அடுத்த அறையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி நகரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். இறங்கி வந்து மீதி மீனை உரசினாள். சாயங்காலம் அரிசி எடுக்க டிரம்முக்குள் கைவிட்டபோது அவன் விரலில் உலோகம் தட்டுப்பட்டது. மிச்சமிருந்த இரண்டு டம்ளரும் அரிசிக்கு அடியில் கிடந்தன.

வெள்ளிக்கிழமை கடையைப் பாதியில் அடைத்துவிட்டு அவன் பாத்திரக்கடைக்குப் போனான். அதே அளவில் நாலு டம்ளர் வாங்கினான். பெயர் வெட்டும் ஆள் வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் மெஷின். முதல் டம்ளரை மடியில் வைத்து, தலை நிமிராமல் கேட்டார்.

“என்ன பேரு வெட்டணும்?”

அவர் பக்கத்தில் ஒரு பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் அந்தப் படம். கடைக்காரர் எட்டிப் பார்த்து, “நம்ம வெட்டுன எழுத்துதாம்ல இது. அந்த ‘ல்’லைப் பாரு” என்றார். பெயர் வெட்டுகிறவர் பெருமையோடு தலையாட்டினார்.

“தம்பி, பேரு?”

சு. வேல்சாமி என்று சொல்லத்தான் வந்திருந்தான். பையனின் திரையைப் பார்த்தான்.

“ஏசுவடியான்” என்றான்.

நாலு டம்ளரிலும் செத்துப்போன அப்பாவின் பெயர் வெட்டப்பட்டது. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அடுப்படியில் வைத்தான். ரோசம்மாள் ஒன்றை எடுத்துப் படித்தாள். படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

*

சனிக்கிழமை விஜயபாண்டி கடைக்கு வந்தான். விசில் கழுத்தில் தொங்கியது. ஒரு வாடிக்கையாளரைப் போல மாதுளை ஜூஸ் கேட்டான். மிக்சி ஓடும் சத்தத்துக்குள் பேசினான்.

“ஏலே, பேசாம இரு. ரெண்டு வாரத்துல ஊரு வேற எதையாவது பேசும். அவருக்கு வயசாச்சு, தாங்கிக்கிருவாரு. எனக்கு வேல போயிரும்ல. சின்னவ இப்பத்தான் ஆறாப்புப் போறா.”

“அவரு மக கல்யாணம் நின்னுரும்.”

“நின்னா வேற மாப்பிள்ளை வருவான். நம்ம பேரு வெளிய வந்தா, நமக்கு வேற பொழப்பு வருமால?”

கிளாட்வின் மிக்சியை நிறுத்தினான். சுற்றிலும் சத்தம் அடங்கியதும் விஜயபாண்டி உடனே பேச்சை மாற்றினான். “அண்ணே, ஐஸ் கொறைச்சு” என்றான். இரண்டு வருடமாக, ஞாயிறு மதியங்களில், கறுப்புத் துணியைக் கட்டி முடித்ததும் முதலில் வந்து கிளாட்வினின் தோளில் தலை சாய்க்கிறவன். இப்போது அண்ணே. குடித்துவிட்டுப் போகும்போது டம்ளரைக் கைக்குட்டையால் துடைத்து வைத்தான். ஏன் துடைத்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அன்று மாலை எபனேசரிடமிருந்து சேதி வந்தது. சுந்தரபாண்டியத்தில் உரக்கடை ஷட்டரில் தாரில் ஏதோ எழுதியிருக்கிறார்கள். பைக்கில் போய் அதை வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். நாலாவது வீடும் முடிந்துவிட்டது. ஆறும் இருந்தது.

*

ஜூன் 15, ஞாயிறு. ஆராதனை முடிந்து தாயும் மகனும் வீடு திரும்பியபோது வேல்சாமி வாசலில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. நாலைந்து நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“தங்கச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா” என்றார்.

கிளாட்வின் உள்ளறைக்குப் போய்விட்டான். கதவைச் சாத்தவில்லை. ரோசம்மாள் அடுப்படிக்குப் போய் வர வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தாள். தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வேல்சாமி அண்ணாந்து குடித்தார். பிறகு பேசினார்.

“அஞ்சு வீட்டுல நாலு வீடு பாத்துட்டேன். இதுதான் மிச்சம். இங்க வரக்கூடாதுன்னுதான் கடைசியா வச்சேன்.”

“அந்த டம்ளரயெல்லாம் அக்சா எடுத்துட்டுப் போயிட்டா அண்ணாச்சி. தூத்துக்குடிலதான் இருக்கு. ஆறும் அவகிட்டதான் இருக்கு.”

வேல்சாமி கையிலிருந்த டம்ளரைத் திருப்பினார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். கட்டைவிரலால் எழுத்தைத் தடவினார்.

“மச்சான் பேரு” என்றார்.

“ஆமா.”

“அவிய செத்து மூணு வருசமாச்சே, தங்கச்சி. வெட்டு புதுசா இருக்கே. பிசுறுகூடப் போகல.”

ரோசம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அந்த மணி முக்குத் திரும்பித் தேய்ந்தது.

கிளாட்வின் வெளியே வந்தான்.

“மாமா, அந்த டம்ளரு எங்க வீட்டுது. நான்தான் கொண்டுபோனேன்.”

வேல்சாமி அவனைப் பார்த்தார். அடிப்பார் என்று ரோசம்மாள் நினைத்திருக்க வேண்டும். நடுவில் வந்து நின்றாள். அவர் அடிக்கவில்லை.

“எங்கிட்டச் சொல்லி என்ன மருமவனே செய்ய? நான் மொத நாளே ஒங்க வீடுன்னு நெனைச்சேன். நெனைச்சதக் கொன்னுட்டுத்தான் மத்த நாலு வீட்டுக்கும் போனேன்.” தண்ணீர் மிச்சமிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். “தவசிமுத்துகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லு. அவரு ஒருத்தர்கிட்ட மட்டும். வேற யாருக்கும் தெரியாது. நான் பொறுப்பு.”

“நீங்க பொறுப்பெடுத்தா ஆச்சா அண்ணாச்சி? ஒத்த ஆம்பளப் பிள்ள” என்றாள் ரோசம்மாள்.

“எனக்கும் ஒத்தப் பொண்ணுதான்.”

கிளாட்வின் செருப்பை மாட்டினான். போனை எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். விஜயபாண்டியின் இரண்டு வருடக் குறுஞ்செய்திகள் அதில் இருந்தன. ரோசம்மாள் ஏனென்று கேட்காமல் வாங்கினாள். அவன் பைக்கில் ஏறுவதற்குள், துணி நனைத்து வைத்திருந்த வாளிக்குள் அதைப் போட்டுவிட்டாள்.

வருகிறோம் என்று தவசிமுத்துவுக்குப் போன் செய்துவிட்டு வேல்சாமி பைக்கை எடுத்தார்; கிளாட்வின் பின்னால் உட்கார்ந்து போனான். கிருஷ்ணன்கோவிலில் மெயின் ரோட்டை விட்டுத் திரும்பினார்கள். ஞாயிறு மதியம். கடைகள் அடைத்திருந்தன. கல்லூரி பஸ்கள் வரிசையாக வெயிலில் நின்றன. சுந்தரபாண்டியத்தில் உரக்கடையைத் தாண்டும்போது வேல்சாமி வேகத்தைக் கூட்டினார். ஷட்டரில் தாரை மண்ணெண்ணெய் போட்டு அழித்திருந்தார்கள். அழித்த பிறகும் அந்த வார்த்தையைப் படிக்க முடிந்தது.

வழியில் ஒரே ஒரு முறை பேசினார். “எத்தன நாளா?”

“எப்பவுமே இப்படித்தான் மாமா.”

“மச்சானுக்குத் தெரியுமா?”

“கேட்டதில்ல.”

வத்திராயிருப்பைத் தாண்டினார்கள். மேற்கே மலை பக்கத்தில் வந்துவிட்டது. மலை மேல் மேகம் இருந்தது. கீழே காற்றே இல்லை.

வ. புதுப்பட்டியில் தவசிமுத்துவின் வீட்டு முன்னால் ஏழு பைக் நின்றது. வேல்சாமி பிரேக் பிடித்தார், இறங்கவில்லை. எண்ணிப் பார்த்தார்.

“ஒருத்தர்னுதான சொன்னாரு” என்று முனகினார்.

“திரும்பிருவோமா மாமா?”

அதற்குள் வாசலுக்கு ஒருவன் வந்துவிட்டான். “வாங்க, வாங்க, ஒங்களத்தான் பாத்துட்டு இருக்கோம்” என்றான். கையில் போன்.

உள்ளே கல்யாண வீடு மாதிரி பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் தவசிமுத்து. பெரிய மாந்தோப்புக்காரர், நிதானமான மனிதர், குரல் உயர்த்திப் பேசாதவர். கிளாட்வினுக்கு நாற்காலி காட்டவில்லை.

“சொல்லுப்பா.”

கிளாட்வின் சொன்னான். டம்ளர் தன் வீட்டுடையது. வேல்சாமி மாமா கல்யாணத்துக்குக் கொடுத்தது. அவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. படத்தில் இருந்த பானம் தான் கலந்தது. ஆப்பில் பேசியதும் தான்தான். கடைசி வாக்கியம் மட்டும் பொய்.

நாற்காலிகளுக்குள் ஒரு சலசலப்பு. தவசிமுத்து கையைத் தூக்கினார், அடங்கியது.

“சரி. கூட யாரு?”

“யாரும் இல்ல. நான் ஒரு ஆள்தான்.”

“ஒரு ஆளுக்கு எதுக்குப்பா நாலு டம்ளர்?”

யாரோ சிரித்தார்கள். கிளாட்வின் தரையைப் பார்த்தான். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரின் வாசனை அடித்தது. கல்யாணத்துக்கு அடித்திருப்பார்கள்.

“போனக் குடு.”

“கொண்டு வரல.”

“பேரு மட்டும் சொல்லு. மூணு பேரு. சொல்லிட்டு அப்படியே போயிரு. ஒன் ஊரு, ஒன் கடை. நாங்க ஏன் கேக்கப் போறோம்?”

“யாரும் இல்லங்க.”

வேல்சாமி முன்னால் வந்தார். “அதான் சொல்லிட்டாம்லா. எங்கிட்ட என்ன சொன்னிய? ஒருத்தர் கேட்டாப் போதும்னுதான சொன்னிய? பையன் வந்தான், சொன்னான். விடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.”

தவசிமுத்து எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார். அந்தக் கையில் மரியாதை இருந்தது.

“நீங்க கெளம்புங்க சம்பந்தி. ஒங்க காரியம் முடிஞ்சிட்டு. பந்தக்கால் என்னைக்குன்னு வீட்டுல கேட்டுச் சொல்லுங்க. பையன நாங்க கொண்டுவந்து விட்டுருவோம்.”

சம்பந்தி என்ற சொல்லைத் தவசிமுத்து நாலு நாளாகச் சொல்லவில்லை. வேல்சாமி கிளாட்வினைப் பார்த்தார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். வெளியே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. போகும் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உறுமிக்கொண்டு நின்றது. பிறகுதான் போனது.

கிளாட்வின் வாசலைப் பார்த்தான். போன் வைத்திருந்தவன் கதவை ஒருக்களித்தான். வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கியது. ஜன்னல் திரையை இன்னொருவன் இழுத்துவிட்டான்.

தவசிமுத்து உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

“ஏ சண்முகத்தாய், டிவி சத்தத்தக் கூட்டி வையி.”

*

அன்று மாலை ஆறு மணிக்குக் கிளாட்வினை மருத்துவமனையில் சேர்த்தார்கள். இடது முழங்கை முறிந்திருந்தது. வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கியிருந்தன. பைக்கிலிருந்து விழுந்ததாக அவனே சொன்னான். அப்படியே எழுதிக்கொண்டார்கள். மற்ற மூன்று பேரின் பெயர் எங்கேயும் வெளிவரவில்லை.

அந்த இன்ஸ்டாகிராம் பக்கம் அடுத்த வாரம் வேறு ஒரு படத்தைப் போட்டது. ஜூஸ் கடையை ஜூலையில் வேறொருவர் எடுத்து நடத்தினார். ரோசம்மாள் மகனோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டாள்.

யோகேஸ்வரியின் கல்யாணம் ஆவணியில் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது.